சாம்பல் நிறம் யாருக்குச் சொந்தம்?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை நான் மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்காமல், பார்க்காதவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துப் பார்க்கச் செய்திருக்கிறேன். "இதுல ஹீரோ வில்லன்னு யாரும் கிடையாது, எல்லாருமே கிரே" என்பதுதான் அவர்களிடம் நான் சொல்லும் முதல் வாக்கியம். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனிடமும் அதையே சொன்னேன். அவனுடைய அப்பா சந்தையில் மாட்டுக்கறிக் கடை வைத்திருப்பவர். முதல் சீசனின் இரண்டாவது எபிசோட் முடிந்ததும் அவன் கேட்டான்: "அந்தக் கறிக்கடைப் பையன் பேரு என்னடா?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. அதே எபிசோடில் கொல்லப்படும் ஓநாயின் பெயர் 'லேடி' என்பது நினைவில் இருந்தது. பையனின் பெயர் இல்லை. கூகுளில் தேடித்தான் சொன்னேன்: மைக்கா.

அன்று எனக்கு வந்த கூச்சம் இன்னும் போகவில்லை. அதிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். (தொடரைப் பார்க்காதவர்களுக்கு: கதையின் முடிவு வரை பேசப்போகிறேன்.)

நடந்தது இதுதான். பிரபுவின் மகள் ஆர்யா ஆற்றங்கரையில் மைக்காவோடு குச்சியை வைத்து வாள்சண்டை விளையாடுகிறாள். அங்கே வரும் இளவரசன் ஜோஃப்ரி, மைக்காவின் கன்னத்தில் வாளை வைத்துக் கீறுகிறான். ஆர்யா இளவரசனை அடிக்கிறாள். அவளுடைய ஓநாய் அவன் கையைக் கடிக்கிறது. அரசன் முன்னால் விசாரணை நடக்கிறது. ஆர்யா தப்பிக்கிறாள். கடித்த ஓநாய் அகப்படாததால், எதுவும் செய்யாத அதன் சகோதரி லேடி கொல்லப்படுகிறது. மைக்காவுக்கு விசாரணையே இல்லை. இளவரசனின் மெய்க்காவலன் சாண்டோர் கிளிகேன், 'ஹவுண்ட்' என்று அழைக்கப்படுபவன், குதிரையில் துரத்திச் சென்று அவனை வெட்டிப்போடுகிறான். பையன் ஓடினான், ஆனால் வேகமாக ஓடவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தையோடு அந்தச் சாவு முடிந்துவிடுகிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலில் இது இன்னும் கொடூரமானது. வெட்டப்பட்ட உடலைப் பையில் போட்டுத் தகப்பனிடம் கொடுக்கிறார்கள். கறி வெட்டும் அந்த மனிதர், முதலில் அது பன்றி இறைச்சி என்றே நினைத்துக்கொள்கிறாராம். 'ராம்' என்று எழுதக் காரணம், அந்தக் காட்சி நாவலில் நேரடியாக வருவதில்லை. ஒரு சிறுமி இன்னொரு சிறுமியிடம் சொன்ன வம்புப்பேச்சாக ஒரு வாக்கியத்தில் வருகிறது. மகனைப் பையில் வாங்கிய தகப்பனுக்குக் கதையில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

ஆனால் ஹவுண்ட் இந்தத் தொடரில் அதிகம் நேசிக்கப்பட்ட பாத்திரங்களில் ஒருவன். எனக்கும் பிடித்தவன். என் கேள்வி அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'கிரே' பாத்திரங்கள் மேல் எனக்கு வெறுப்பில்லை. கதாநாயகன் செய்தால் நீதி, வில்லன் செய்தால் கொலை என்று சொல்லும் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1996இல் முதல் நாவல் வெளியானபோதும், 2011 முதல் 2019 வரை எட்டு சீசன்களாக, 73 எபிசோடுகளாக ஹெச்பிஓ அதை எடுத்தபோதும், அந்தக் கதை செய்த காரியம் பெரியது. ஒருவர் ஏன் இப்படி ஆனார் என்று கேட்க வைத்தது. ஒரு மனிதனை அவன் செய்த ஒரே ஒரு செயலை வைத்து மட்டும் அளக்காதே என்றது. முற்போக்காளர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம்தான் அது. கேள்வி வேறு: அந்தக் கருணை கதையில் யார் யாருக்குக் கிடைக்கிறது?

மூன்றாவது சீசனின் ஐந்தாவது எபிசோடை எடுத்துக்கொள்வோம். 2013 ஏப்ரலில் ஒளிபரப்பானது. அதில் ஜேமி லானிஸ்டர் குளியலறையில் பிரியெனிடம் மனம் திறக்கும் புகழ்பெற்ற காட்சி வருகிறது. முதல் எபிசோடிலேயே ஒரு சிறுவனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டு அவனை வாழ்நாள் முழுக்க நடக்க முடியாதவனாக்கியவன் ஜேமி. தான் காக்கவேண்டிய அரசனையே கொன்றவன் என்று உலகம் அவனைத் தூற்றுகிறது. அந்த அரசன் நகரத்தையே மக்களோடு சேர்த்துக் கொளுத்த உத்தரவிட்டான், அதைத் தடுக்கவே கொன்றேன் என்று அவன் சொல்கிறான். அந்த நிமிடத்தில் நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அற்புதமான எழுத்து, அற்புதமான நடிப்பு.

முந்தைய எபிசோடில் தொடங்கிய மைக்காவின் கொலை வழக்கும் அதே எபிசோடில்தான் முடிகிறது. குகையில் கூடிய கொடியற்ற சகோதரர்கள் ஹவுண்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆர்யா சாட்சி சொல்கிறாள். இளவரசனின் காவலன் நான், இளவரசன் சொல்வதைக் கேள்வி கேட்பது என் வேலையல்ல என்பது ஹவுண்டின் வாதம். வாள்சண்டையில் ஜெயித்தவன் நிரபராதி என்பது அங்குள்ள சட்டம். ஹவுண்ட் ஜெயிக்கிறான். மைக்காவைக் கொன்றது குற்றமில்லை என்று கடவுளே தீர்ப்பளித்துவிட்டதாக அவனை விட்டுவிடுகிறார்கள்.

அருகருகே இரண்டு விசாரணைகள். ஒன்றில் குற்றவாளி தன் கதையைத் தானே சொல்கிறான். மற்றதில் செத்தவனுக்காகப் பேச அவன் தகப்பன் இல்லை, தாய் இல்லை, அவனைப் போன்ற ஒருவர்கூட இல்லை. அவனோடு விளையாடிய பிரபுவின் மகள் மட்டும் இருக்கிறாள். பிற்பாடு அவளும் தன் பழிவாங்கும் பட்டியலிலிருந்து ஹவுண்டின் பெயரை எடுத்துவிடுகிறாள். கடைசி சீசனில் அவனுக்கு நன்றியும் சொல்கிறாள். கண் கலங்க வைக்கும் காட்சி. எனக்கும் கலங்கியது. அந்த நேரத்தில் மைக்கா என் நினைவிலேயே இல்லை.

ஹவுண்டின் கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவனுடைய தாத்தா லானிஸ்டர் பிரபுவின் நாய்களைப் பராமரித்த வேலைக்காரர். ஒரு பெண்சிங்கத்திடமிருந்து பிரபுவைக் காப்பாற்றியதில் காலை இழந்து, அதற்குப் பரிசாக நிலம் பெற்றவர். நாய் பராமரித்தவரின் பேரன்தான் கறி வெட்டுபவரின் மகனை வெட்டுகிறான். ஒரு படி மேலே ஏறியவனைக் கொண்டே கீழ்ப்படியில் இருப்பவனை அடிக்க வைப்பது எப்படி என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை அறிந்தவர்களுக்கு அந்தக் குதிரையும் அந்த வாளும் நன்றாகப் புரியும். மார்ட்டின் இதைத் தெரிந்தே எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ரசிகர்களாகிய நாம் விவாதிப்பது ஹவுண்டின் தீய்ந்த முகத்தைப் பற்றி. அண்ணன் அவன் முகத்தை நெருப்பில் அழுத்திய கதையைப் பற்றி.

தியோன் கிரேஜாயைப் பார்ப்போம். ஸ்டார்க் குடும்பத்தின் இரண்டு சிறுவர்களைப் பிடிக்க முடியாமல், வேறு இரண்டு ஏழைச் சிறுவர்களைக் கொன்று எரித்து, அவர்கள்தான் இவர்கள் என்று ஊருக்குக் காட்டியவன் அவன். பிறகு கொடூரமாகச் சித்திரவதைப்படுகிறான், உடைகிறான், மீள்கிறான். கடைசி சீசனில் பிரானைக் காக்க உயிரைக் கொடுக்கிறான். சாகும் முன், நீ நல்லவன் என்று பிரான் அவனிடம் சொல்கிறான்.

இதில் யார் யாரை மன்னிக்கிறார்கள் என்று பாருங்கள். பிரான் உயிரோடு இருப்பவன். எரிந்தது அவன் உடல் இல்லை. எரிந்த இருவர் சார்பில் மன்னிக்கும் உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது? ஐந்தாவது சீசனில் தியோன் உண்மையைச் சொல்லும் காட்சியும் அப்படித்தான். செத்தது தன் தம்பிகள் இல்லை என்று தெரிந்ததும் சான்சாவின் முகத்தில் நம்பிக்கை வருகிறது. நமக்கும் நிம்மதி வருகிறது. யாரோ இரண்டு பையன்கள்தான். அந்த 'யாரோ' என்ற சொல்லில் நாமும் பங்காளிகள்.

சரி, சாமானியர்கள் யாருமே கிரே இல்லையா? இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆகிறது என்றும் பார்ப்போம்.

மொசாடோர் என்று ஒருவன். மீரீன் நகரத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். டெனேரிஸின் ஆலோசனைச் சபையில் விடுதலை பெற்றவர்களின் குரலாக இருக்கிறான். பழைய எஜமானர்களின் ரகசியப் படையைச் சேர்ந்த கைதி ஒருவனை விசாரணைக்கு முன்பே கொன்றுவிடுகிறான். சட்டம் சட்டம்தான் என்று டெனேரிஸ் அவன் தலையை எடுக்கச் சொல்கிறாள். அவளைத் தாய் என்று அழைத்த மக்கள் கூட்டம் பாம்பு போலச் சீறுகிறது. இதே டெனேரிஸ் முந்தைய சீசனில் 163 எஜமானர்களை எந்த விசாரணையும் இல்லாமல் சிலுவையில் அறைந்தவள். சிலுவையில் அறையப்பட்ட அடிமைக் குழந்தைகள் 163 பேர் என்பதால் அதே எண்ணிக்கை. இருவரும் செய்தது ஒரே காரியம். அவளுடைய செயல் எட்டு சீசன் நீளும் மனப் போராட்டத்தின் ஒரு கட்டம். அவனுடைய கதை ஏறத்தாழ ஒரே எபிசோடில் தொடங்கி முடிகிறது.

ஆறாவது சீசனில் ஹவுண்டைக் காப்பாற்றும் சாமியார் ரே இன்னொருவர். போர்வீரனாக இருந்தபோது மேலிடத்து உத்தரவை நம்பிக் கிராமத்தைக் கொளுத்தியவர், ஒரு சிறுவனைத் தாயின் கண் முன்னாலேயே கொன்றவர். அந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டு கோயில் கட்டுகிறார். எவ்வளவு பெரிய பாத்திரம்! அதே எபிசோடின் முடிவில் அவர் தூக்கில் தொங்குகிறார். அந்தச் சாவு ஹவுண்ட் மீண்டும் கோடரியைத் தூக்கக் காரணமாகிறது. அத்தோடு அவர் வேலை முடிந்தது.

பிறகு ஆலி. இந்தப் பையன் நாவலில் இல்லை, தொடருக்காகவே உருவாக்கப்பட்டவன். சுவருக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் அவன் கிராமத்தைச் சூறையாடுகிறார்கள். அவன் கண் முன்னால் தகப்பன் அம்பு பட்டுச் சாகிறான். உன் அப்பா அம்மாவைத் தின்னப்போகிறேன் என்று ஒருவன் அவனிடம் சொல்லி அனுப்புகிறான். சில காலம் கழித்து, அவன் தன் தலைவனாக நம்பிய ஜான் ஸ்னோ அதே கூட்டத்தோடு சமாதானம் செய்து உள்ளே அழைத்து வருகிறான். ஜான் செய்தது சரி. ஆனால் தாய் தகப்பனைப் பறிகொடுத்த சிறுவனுக்கு அது எப்படிச் சரியாகும்? ஜானைக் குத்தியவர்களில் அவனும் ஒருவன். அதற்காகத் தூக்கிலிடப்படுகிறான்.

இணையத்தில் ஆலிக்குக் கிடைத்த வசவுகளைப் பார்த்திருப்பீர்கள். மீம்களும் கெட்ட வார்த்தைகளும் தொங்கும் உடலைப் பார்த்துக் கைதட்டல்களும். நானும் சிரித்தேன். சிறுவனைக் கோபுரத்திலிருந்து தள்ளியவனுக்காக வாதாடிய நான், பெற்றோரைக் கண் முன்னால் இழந்த சிறுவன் தொங்கியபோது சிரித்தேன். ஆலிக்கு ஒரு குளியலறைக் காட்சி கிடைத்திருந்தால், பத்து நிமிடம் தன் கதையைத் தானே சொல்ல விட்டிருந்தால், நான் சிரித்திருப்பேனா?

கிரே என்பது பாத்திரத்தின் குணம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒருவருக்கு ஒதுக்கப்படும் நேரம். தவறு செய்யவும், அதற்குக் காரணம் சொல்லவும், வருந்தவும், திருந்தவும், மறுபடி வழுக்கவும் நேரம் வேண்டும். அந்த நேரம் வெஸ்டரோஸில் பெரும்பாலும் பிறப்பைப் பார்த்தே பங்கிடப்படுகிறது.

நாவல்களின் அமைப்பும் இதைக் காட்டுகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் மனதுக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது. அந்த மனங்களில் பெரும்பாலானவை பிரபுக் குடும்பத்து மனங்கள். முதல் நாவலின் முன்னுரை அத்தியாயம் வில் என்ற சாமானியனின் பார்வையில் வருகிறது. பிரபுவின் காட்டில் மான் வேட்டையாடி மாட்டிக்கொண்டவன், கையை இழப்பதா சுவருக்குக் காவல் போவதா என்ற நிலையில் காவலைத் தேர்ந்தெடுத்தவன். அந்த அத்தியாயத்தோடு அவன் முடிந்துபோகிறான். தொடரின் முதல் எபிசோடிலும் முதலில் மரண தண்டனை பெறுபவன், பயந்து ஓடிவந்த ஒரு சாதாரணக் காவலன். அவன் சொன்னது உண்மை, பனிப் பிசாசுகள் வந்துவிட்டன. தலை போகிறது. அந்தக் காட்சியிலிருந்து நாம் கற்றுக்கொள்வதோ, தண்டனையைத் தன் கையாலேயே நிறைவேற்றும் நெட் ஸ்டார்க் எவ்வளவு நேர்மையானவர் என்பதை.

விதிவிலக்குகள் உண்டு. அடிமையாக விற்கப்பட்ட வாரிஸ் கடைசி சீசன் வரை நிஜமான கிரேவாக வாழ்ந்தான். ஃப்ளீ பாட்டம் என்ற ஏழைப் பகுதியிலிருந்து வந்த கடத்தல்காரர் டாவோஸுக்கு நாவலில் சொந்த அத்தியாயங்களே உண்டு. ஆனால் டாவோஸ் எப்படிப்பட்டவர்? முற்றுகையில் பட்டினி கிடந்தவர்களுக்கு வெங்காயம் கொண்டுபோய் உயிர் காத்தவர். காப்பாற்றப்பட்ட பிரபுவே பழைய கடத்தலுக்குத் தண்டனையாக விரல்நுனிகளை வெட்டுகிறார். அது நியாயம்தான் என்று டாவோஸ் ஏற்றுக்கொள்கிறார். கீழிருந்து வந்தவர் கதையில் நிலைத்திருக்க வேண்டுமானால் இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டியிருக்கிறது.

என்னை ரொம்ப நாளாகக் குடைவது இதுதான். மைக்காவுக்காக ஆர்யா வைக்கும் வாதம், அவன் எதுவுமே செய்யவில்லை என்பது. உண்மைதான். ஆனால் ஒரு நிமிடம் வேறு மாதிரி யோசியுங்கள். கன்னத்தில் வாள் கீறும்போது மைக்கா கையிலிருந்த குச்சியால் இளவரசனை ஓங்கி அடித்திருந்தால்? அப்போது அந்தக் கொலை நியாயமாகிவிடுமா? நாம் இவ்வளவு பரிதாபப்பட்டிருப்போமா?

நம் ஊர்ச் செய்திகளை நினைத்துப் பாருங்கள். சாதிவெறியில் ஒரு இளைஞன் கொல்லப்பட்டால் நாம் முதலில் எழுதுவது என்ன? நன்றாகப் படித்தவன், எந்த வம்புக்கும் போகாதவன், நல்ல வேலையில் இருந்தவன். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். கொன்றவர்களுக்கோ 'ஆத்திரத்தில்', 'குடும்ப கௌரவத்துக்காக', 'மகள் மேல் வைத்திருந்த பாசத்தால்' என்று காரணங்கள் வரிசையில் நிற்கும். அவர்களுக்கு மனம் இருக்கிறது, பின்கதை இருக்கிறது. அவர்கள் கிரே. கொல்லப்பட்டவன் மட்டும் ஒரு புள்ளி கறை இல்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும். சுமாராகப் படித்தவன், கோபக்காரன், இரண்டு காதல் தோல்வி கண்டவன், ஒருநாள் குடித்தவன் என்று ஏதாவது வெளியே வந்தால் போதும், அவனுக்கான நீதி பாதியாகக் குறைந்துவிடும்.

குறையில்லாத பலி ஆடுகளாக மட்டுமே நம் மக்களைக் காட்டும் பழக்கம் நம் எழுத்திலும் படங்களிலும் இருக்கிறது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் தவறு செய்யக்கூடிய, குழம்பக்கூடிய, பொறாமைப்படக்கூடிய முழு மனிதராக ஒருவரைக் காட்ட மறுப்பதும் அவருடைய மனித மதிப்பில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பதுதான்.

இது முடியாத காரியமில்லை என்பதற்கு மார்ட்டினே சாட்சி. 1998இல் வெளியான 'தி ஹெட்ஜ் நைட்' என்ற குறுநாவலில் டங்க் என்று ஒருவன் வருகிறான். ஃப்ளீ பாட்டத்து அநாதை. பொம்மலாட்டக்காரப் பெண்ணின் விரலை ஒடித்த இளவரசனை அவன் நிஜமாகவே அடிக்கிறான், உதைக்கிறான். அடித்த கையையும் உதைத்த காலையும் வெட்ட வேண்டும் என்பது சட்டம். சண்டையில் அவன் பக்கம் நின்ற நல்ல இளவரசன் ஒருவன் செத்துப்போகிறான். என் ஒரு கால் ஒரு இளவரசனின் உயிருக்கு ஈடாகுமா என்று டங்க் தன்னையே கேட்டு வதைபடுகிறான். மைக்கா அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கதைதான் இது. வித்தியாசம், கதை இங்கே டங்க்கின் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்குக் கோபம் இருக்கிறது, குற்றவுணர்ச்சி இருக்கிறது, முட்டாள்தனம் இருக்கிறது. அதையும் ஹெச்பிஓ தொடராக எடுத்திருக்கிறது. பாருங்கள்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019 மே 19 அன்று முடிந்தது. கடைசி எபிசோடில் புதிய அரசனைத் தேர்ந்தெடுக்கப் பிரபுக்கள் கூடுகிறார்கள். இந்த முடிவு எல்லா மக்களையும் பாதிக்கிறது, அவர்களும் சேர்ந்து தீர்மானித்தால் என்ன என்று சாம்வெல் தயங்கித் தயங்கிக் கேட்கிறான். பிரபுக்கள் சிரிக்கிறார்கள். நாய்க்கும் ஓட்டுக் கொடுக்கலாமே என்று ஒருவர் கேலி செய்கிறார். அந்தச் சபையில் நாம் எட்டு வருடம் நேசித்த கிரே மனிதர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தொடரைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நானே நான்காவது முறை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஜேமியையும் ஹவுண்டையும் இப்போதும் பிடிக்கும். ஆனால் இந்த முறை கையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு கிரே பாத்திரம் வளர்வதற்காகச் சாகும் ஒவ்வொருவரின் பெயரையும் அதில் எழுதிவருகிறேன். பல இடங்களில் எழுதப் பெயரே இல்லை. அங்கெல்லாம் தொழிலை எழுதி வைக்கிறேன்: காவலன், உழவர், சத்திரக்காரர். முதல் பக்கத்தில் மைக்காவின் பெயர் இருக்கிறது.

போன வாரம் அறைத்தோழனிடம் போனில் இதைச் சொன்னேன். இப்போது அவன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அவங்க அப்பா பேரு?"

தேடினேன். தொடரிலும் இல்லை, நாவலிலும் கண்ணில் படவில்லை. மைக்காவின் பெயருக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.